கீரி சொன்ன வழி

மலையடிக் காட்டில் ஒரு பெரிய வளை இருந்தது. வாசல் ஒன்றுதான். உள்ளே நுழைந்ததும் வழி இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் பொதுக் களஞ்சியம், பன்னிரண்டு அறைகள். இடப்பக்கம் ஒரே அறை. மழைக்குப் பயந்து கௌதாரி அங்கே ஏழு முட்டைகளை வைத்திருந்தது.

வாசலில் முள்ளம்பன்றி காவல். தானியம் எடுக்க வருகிறவர்கள் வெளியே நின்று வழி சொல்வார்கள். எலி இருட்டில் அந்த வழியே தடவிப் போய், இருப்பதைத் தேக்கிலையில் சுருட்டிக் கொண்டுவரும். வழி 'களஞ்சியம்' என்று தொடங்கினால் போதும், முள்ளம்பன்றி தலையாட்டிவிடும். மீதியை அது காதில் வாங்குவதில்லை.

ஒரு நாள் காலை கீரி வந்தது.

"களஞ்சியம், முதல் அறை. அங்கிருந்து இரண்டு வாசல் பின்னால் வந்து, அப்படியே எதிர் அறைக்குப் போ" என்றது.

முள்ளம்பன்றி தலையாட்டியது. எலி போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தது. கீரி பணிவாக வாங்கிக்கொண்டு போனது.

மத்தியானம் இரை தேடித் திரும்பிய கௌதாரி முட்டைகளை எண்ணியது. ஆறு. மறுபடி எண்ணியது. ஆறேதான். அது வாசலுக்கு வந்து நின்றது.

"அண்ணே, உங்களைத் தாண்டி யார் உள்ளே போனது?"

எலியைத் தவிர ஓர் எறும்புகூடப் போகவில்லை என்று முள்ளம்பன்றி சத்தியம் செய்தது. எலி முன்னால் வந்தது.

"காலையில் கொண்டுவந்த பொருள் சூடாக இருந்தது. தானியம் ஏன் சூடாக இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை, அக்கா. கீரி 'இரண்டு வாசல் பின்னால்' என்றதில்தான் உங்கள் அறைக்குப் போயிருக்கிறேன்" என்றது.

முள்ளம்பன்றி தலையில் அடித்துக்கொண்டது. இனி 'பின்னால்' என்று சொல்பவரை விரட்டிவிடுவதாக வாக்குக் கொடுத்தது.

மறுநாள் கீரி அந்தச் சொல்லையே சொல்லவில்லை. 'களஞ்சியம்' என்றே தொடங்கி, முதல் அறையின் கடைசிச் சுவரில் முதுகை ஒட்டி நின்று, மூக்கு நீட்டிய பக்கம் வழி முடியும்வரை நடக்கச் சொன்னது. முள்ளம்பன்றி மறுபடியும் தலையாட்டியது.

முட்டை ஐந்தானது.

"நாளைக்கு வேறு எந்தச் சொல்லோடு வருவானோ, எனக்குத் தெரியவில்லையே" என்று முள்ளம்பன்றி அழுதது.

"சொல்லை விடுங்கள்" என்றது கௌதாரி. "வழி எங்கே போய் நிற்கிறது? அதைப் பாருங்கள்."

மூன்றாம் நாள் கீரி ஒன்பது திருப்பம் வைத்து ஒரு வழி சொன்னது. முள்ளம்பன்றி எலியைப் போகவிடவில்லை. ஒரு முள்ளால் மண்ணில் வளையை வரைந்தது. கீரி சொன்ன ஒவ்வொரு திருப்பத்துக்கும் கோடு இழுத்தது. எட்டுவரை கோடு களஞ்சியத்துக்குள் சுற்றியது. ஒன்பதாவது, களஞ்சியத்தைத் தாண்டி கௌதாரியின் அறையில் போய் நின்றது.

முட்கள் சிலிர்த்து நின்றதைக் கண்ட கீரி ஓட்டம் பிடித்தது. பிறகு வரவே இல்லை.

ஐந்து குஞ்சுகள் பொரிந்தன. அவை வரிசையாக வாசலைக் கடக்கும்போதெல்லாம் முள்ளம்பன்றி ஏழுவரை எண்ணிவிட்டுத்தான் தலை குனியும். பழகின அணில் வந்து வழி சொன்னாலும் இப்போது மண்ணில் கோடு போடுகிறது.

பிறர் சொல்லும் வழியில் அடி எடுத்து வைக்குமுன், அது எங்கே போய் முடிகிறது என்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.