விஷம் பார்த்த வாதுமை

முன்பொரு காலத்தில் பாக்கநாட்டைச் சொக்கேந்திரன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். ஆண்டான் என்பதைவிடச் சாய்ந்திருந்தான் என்பது பொருத்தம். சிம்மாசனத்திலிருந்து எழுந்து நிற்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கும். எழுந்துவிட்டால் அதைப் புகழ்ந்து பாடவும் ஆள் வைத்திருந்தான்.

மந்திரி விருத்தகிரி ஒருநாள் சொன்னார்: "மன்னா, தினமும் ஒரு கைப்பிடி வாதுமை, முந்திரி, வேர்க்கடலை சாப்பிடுங்கள். இதயத்துக்கு நல்லது. கண்ட நேரத்தில் பசிக்காது. கொஞ்சம் நடக்கவும் வேண்டும்."

"நடப்பதை விடும். பருப்பைக் கொண்டுவரச் சொல்லும்" என்றான் அரசன்.

அரசன் உண்பதையெல்லாம் முதலில் விஷம் பார்த்துத் தருபவர் நாகமாணிக்கர். மந்திரி பதவிமீது அவருக்கு நெடுநாளாக ஒரு கண். பாயசம் என்றால் ஒரு கரண்டி சுவைத்தால் போதும். பருப்பு அப்படியா? ஒவ்வொன்றும் தனித்தனி. எதில் விஷம் இருக்கும் என்று யார் கண்டது? மனிதர் கடமை தவறாதவர், ஒன்றுவிடாமல் பார்த்தார். கடைசியில் தங்கக் கிண்ணத்தில் அரசனுக்குப் போய்ச் சேர்ந்தது தோலும் துகளும்தான். சமையலறைப் பக்கமே எட்டிப் பார்த்திராத அரசன், பருப்பு என்பது இதுதான்போல என்று தேனில் குழைத்து நக்கிக்கொண்டான்.

மாதங்கள் போயின. அரசனுக்கு மூச்சு வாங்குவது நிற்கவில்லை.

"மந்திரி சொன்ன வைத்தியம் வெறும் புளுகு, மன்னா" என்று நாகமாணிக்கர் தூபம் போட்டார்.

அரசனுக்குக் கோபம் தலைக்கேறியது. "மந்திரியை மலைக்கு அப்பால் கொண்டுபோய் விடுங்கள். இனி அவர் இந்த நாட்டில் காலடி வைக்கக் கூடாது."

விருத்தகிரியின் பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் மலைக்கு இந்தப் பக்கம். ஆனால் நாகமாணிக்கரின் பளபளத்த கன்னத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"உத்தரவு, மன்னா. நாடு கடத்தப்படுகிறவன் கால் நம் மண்ணில் படக் கூடாது என்பது வழக்கம். யாராவது சுமக்க வேண்டும். நாகமாணிக்கரைக் கேட்கலாம் என்றால், பாவம், அவரால் முடியாது. போன நவராத்திரிக்கு மண்டபப் படி ஏறவே அவரை இரண்டு பேர் தாங்கினார்கள்."

"யாரால் முடியாது? ஏறுமய்யா தோளில்" என்றார் நாகமாணிக்கர்.

வேடிக்கை பார்க்க அரசனும் கிளம்பினான். பல்லக்குப் போகாத செங்குத்துப் பாதை. அரசன் அடிவாரத்துப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டான். மந்திரியைச் சுமந்தபடி விறுவிறுவென்று பாதி மலை ஏறிய நாகமாணிக்கர் திரும்பிப் பார்த்தார். உற்சாகம் தாங்காமல் சுமையோடு கீழே இறங்கி வந்தார்.

"மன்னா, தாங்களும் ஏறிக்கொள்கிறீர்களா? இன்னொரு தோள் சும்மாதான் இருக்கிறது."

அரசன் அவரை மேலும் கீழும் பார்த்தான். "உமக்கு எங்கிருந்தய்யா இவ்வளவு தெம்பு?"

"எல்லாம் மன்னரின் அருள்."

"அருள் இல்லை, மன்னரின் வாதுமை" என்றார் தோளில் இருந்த மந்திரி. "என் வைத்தியம் பலித்துவிட்டது மன்னா, ஆள்தான் மாறிவிட்டது. சந்தேகமிருந்தால் அவர் மடியை அவிழ்க்கச் சொல்லுங்கள்."

மடியை அவிழ்த்ததும் முந்திரி கொட்டியது. அரசன் முதன்முறையாக ஒரு முழு முந்திரியைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"மந்திரியாரே, இறங்கும். உம் கால் மண்ணில் படட்டும். நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். இவரை என்ன செய்யலாம்?"

"வேலையைப் பிடுங்க வேண்டாம், மன்னா. தங்கள் எதிரே உட்கார்ந்து தினமும் வாதுமை ஓடு உடைக்கட்டும். கை உடைக்கும்வரை வாய் தங்கள் பட்டப்பெயர்களை ஓயாமல் சொல்லட்டும்."

வாய்க்கு ஓய்வே இல்லாதபோது அதில் பருப்பு எப்படிப் போகும்? அரசன் கைப்பிடி பருப்பு தின்றான், தோட்டத்தில் நடந்தான், கோடைக்குள் மலையே ஏறிவிட்டான். பாக்கநாட்டில் முகஸ்துதியால் ஓர் அரசனின் உடம்புக்கு நல்லது நடந்தது அதுதான் முதல் தடவை.