விளக்கெண்ணெயில குளிச்ச கொட்டாப்புளி

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அவரோட கைக்குழந்தையத் தொட்டில்ல போட்டா வீல்னு கத்துமாம், தூக்கினா சிரிக்குமாம். போட்டா கத்தும், தூக்கினா சிரிக்கும். ஏன் தெரியுமா? அரண்மனைத் தச்சர் முத்தாண்டி செஞ்ச தொட்டில்ல தொட்ட இடமெல்லாம் மரச் சிலாம்பு குத்துது! மூணு மாசமா ராஜாவுக்குத் தூக்கமே இல்ல. கொட்டாவி விட்டுக்கிட்டேதான் தீர்ப்பு சொல்லுவாராம்.

அதே ஊர்ல குருவம்மான்னு ஒரு தச்சர் மக. "வழவழன்னு ஒரு தொட்டில் நான் செஞ்சு தரேன் மகாராஜா"ன்னா.

முத்தாண்டிக்கு ரோஷம் வந்துருச்சு. "ஏ புள்ள, தோத்தா ஊரை விட்டே போயிடணும்!"

"போறேன். நீங்க தோத்தா?"

"நானும் போறேன்!"

"சரி, நாலாம் நாள் சபையில என் முன்னால செய்யுங்க"ன்னு ராஜா சொல்லி முடிக்கிறதுக்குள்ள மூணு கொட்டாவி.

ஆனா குருவம்மா அப்பாவோட கருவியெல்லாம் ஆத்து வெள்ளத்துல போயிருச்சே! அவ என்ன செஞ்சா, பழைய இரும்புக்காரர்கிட்ட மூணு பூசணிக்காயக் கொடுத்து, ஒரு உளி, உளியடிக்க ஒரு மரக் கொட்டாப்புளி, பலகைய இழைக்க ஒரு இழைப்புளி வாங்கிட்டு வந்தா. இரும்பெல்லாம் துரு, மரமெல்லாம் அழுக்கு. பக்கத்து வீட்டு முத்தாண்டி வேலிக்கு மேல எட்டிப் பார்த்து, "இதை வச்சு தோசையக்கூடத் திருப்ப முடியாது!"ன்னு சிரிச்சான்.

மொத நாள் அவ புளியும் உப்பும் போட்டுத் தேங்கா நாரால துருவத் தேய்ச்சா. அவன் எட்டிப் பார்த்தான். ரெண்டாம் நாள் கல்லுல தீட்டினா. எட்டிப் பார்த்தான். மூணாம் நாள் இரும்புல மட்டும் துணியால விளக்கெண்ணெயத் தடவினா. பளபளன்னு மின்னுச்சு பாரு, அவன் கண்ணு ரெண்டும் வேலியத் தாண்டி வந்துருச்சு!

அவ குளிக்கப் போன நேரம் மூணையும் சுருட்டிட்டு ஓடிட்டான். ஓடினவன் சும்மா இருந்தானா? "மாயமெல்லாம் எண்ணெயில இருக்கு, இவ கஞ்சத்தனமா பூசியிருக்கா"ன்னு ஒரு குடம் விளக்கெண்ணெயில மூணையும் பிடியோட முக்கி எடுத்தான்.

நாலாம் நாள் சபை கூடுச்சு. "உன் கருவி எங்கம்மா?"ன்னு குருவம்மாவ ராஜா கேட்டார்.

"அந்தா, அவர் கையில இருக்கு மகாராஜா."

"பொய்! எங்க பரம்பரைக் கருவி!"ன்னு உளியப் பிடிச்சான். வழுக்கிப் போய் மந்திரி பாயசத்துல விழுந்துச்சு, ளொடக்! கொட்டாப்புளிய ஓங்கினான். பறந்து போய் ராஜா கிரீடத்தத் தட்டி விட்டுச்சு, டணார்! இழைப்புளியத் தள்ளினான். அது நின்னுக்கிச்சு, இவன் பலகை மேல தொப்பையால வழுக்கிப் போய் அந்தப் பக்கம் விழுந்தான், தொப்! குழந்தை கெக்கெக்கேன்னு சிரிச்சுது.

"மகாராஜா, கருவிக்குச் சொந்தக்காரன் பிடிக்கு எண்ணெய் விடுவானா?"ன்னு கேட்டுட்டு, அடுப்புச் சாம்பல வாங்கிப் பிடியெல்லாம் அழுத்தித் துடைச்சா குருவம்மா. அப்புறம் இழைச்சா பாரு, சீவல் சுருள் சுருளா வந்து விழுந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள தொட்டில் ஆடுச்சு. குழந்தை தூங்கிருச்சு. அதுக்கு முன்னாலயே ராஜா தூங்கிட்டார்.

முத்தாண்டி மூட்டையக் கட்டினான். "நில்லுங்க ஆசாரியாரே! ஊரை விட்டுப் போக வேணாம். தினம் வேலை முடிஞ்சதும் என் கருவியத் துடைச்சு எண்ணெய் போடணும். இரும்புக்கு மட்டும்!"ன்னா குருவம்மா.

பாதி பார்த்துத் திருடினவன், மீதியக் கத்துக்கத் தினம் துடைக்கிறான். குழந்தை தூங்கியாச்சு, ராஜா தூங்கியாச்சு, கருவிகூட உறைக்குள்ள படுத்தாச்சு. நீ மட்டும் ஏன்டா முழிச்சிட்டிருக்க?