கீரிக்கும் ஒரு குரல்

கருவேலங்காட்டுக் குளத்தங்கரையில் செம்மூக்கி என்ற ஆள்காட்டிக் குருவி வசித்து வந்தாள். தூரத்தில் மனிதத் தலை தெரிந்தால் போதும், "தித்தித்தூ! தித்தித்தூ!" என்று காடே அதிரக் கத்துவாள். முயல் வளைக்குள் ஓடும். கௌதாரி புதருக்குள் நுழையும். நாரை எழுந்து பறந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஆள் வந்து சேருவான். வெறுங்கரையைப் பார்த்துவிட்டுச் செம்மூக்கியைத் திட்டிக்கொண்டே திரும்பிப் போவான்.

இந்த வேலையை யாரும் அவள் தலையில் கட்டவில்லை. ஒரு மழைக்காலத்தில் பிராணிகள் எல்லாம் கூடிப் பேசியபோது அவளே முன்வந்து சொன்னாள்.

"நான் கத்தினா ஆள் வர்றான்னு அர்த்தம். கத்தாம இருந்தா ஆள் இல்லைன்னு அர்த்தம். கவலைப்படாம தண்ணி குடிங்க!"

அன்று முதல் அந்தக் குளத்தில் எல்லாரும் தலையை நன்றாகக் குனிந்து தண்ணீர் குடித்தார்கள். குனிந்து குடிப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பது பயந்து பயந்து குடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தக் கூட்டத்தில் கீரியும் இருந்தாள். "ரொம்ப நல்ல ஏற்பாடு!" என்று முதலில் வாலை ஆட்டியவளும் அவள்தான். ஆனால் அடுத்த கோடையிலேயே செம்மூக்கியின் நான்கு முட்டைகளையும் தின்று தீர்த்துவிட்டாள். "ஏன் இப்படிச் செஞ்ச?" என்று செம்மூக்கி கதறியபோது, "பசிச்சுது!" என்று வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். மன்னிப்பாவது கேட்டாளா? அதுவும் இல்லை.

இந்தக் கோடையிலும் செம்மூக்கி நான்கு முட்டை இட்டிருந்தாள். சரளைக் கற்களுக்கு நடுவே, கல்லோடு கல்லாக அவை கிடந்தன. வெயில் கொளுத்தியது. அவள் கணவன் நெட்டைக்காலன் முட்டைகளுக்கு நிழலாக நின்றான். செம்மூக்கி அடிக்கடி குளத்துக்குப் போய் வயிற்றை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர வைத்தாள்.

ஒரு நண்பகலில் அப்படி நனைந்த வயிற்றோடு திரும்பி வந்தபோது, தூரத்து மேட்டின் மேல் ஓர் ஆள் தெரிந்தான். தோளில் வலை, கையில் சாக்கு, கயிற்றில் ஒரு நாய். அவன் குளத்தின் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கீரி குடியிருந்த முட்புதரை நோக்கிப் பதுங்கிப் பதுங்கிப் போனான். புதரின் நிழலில் கீரி தன் இரண்டு குட்டிகளோடு அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் அவளுக்கு மோப்பமும் எட்டவில்லை.

செம்மூக்கி அலகைத் திறந்தாள்.

"ஏய், கத்தாத!" என்று தடுத்தான் நெட்டைக்காலன். "அவன் கீரியைத்தான் பிடிக்க வந்திருக்கான். மத்தவங்க எல்லாரும் அக்கரையில பத்திரமா இருக்காங்க. நீ கத்தினா நாய் இந்தப் பக்கம் திரும்பும். நம்ம முட்டை போயிடும்!"

பக்கத்துக் கட்டையில் இருந்த ஓணான், "ஆமா! ஆமா!" என்று தலையாட்டினான்.

"நாம அவளை வலையில பிடிச்சுத் தள்ளப் போறோமா? இல்லையே! சும்மா இருக்கப் போறோம். சும்மா இருக்கிறது ஒரு குற்றமா?" என்று தொடர்ந்தான் நெட்டைக்காலன்.

"அதானே!" என்றான் ஓணான்.

செம்மூக்கி தன் மனதுக்குள் தேடிப் பார்த்தாள். கீரி மீது துளி அன்பு இருக்கிறதா? இல்லை. குட்டிகள் மீதாவது இரக்கம் வருகிறதா? வளர்ந்தால் அவையும் முட்டை தின்னத்தானே போகின்றன என்று தோன்றியது. உள்ளதைச் சொன்னால், அந்த நிமிடம் கீரி வலையில் விழுந்திருந்தால் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

மனசு உதவிக்கு வராது என்று தெரிந்ததும் அவள் அறிவைக் கேட்டாள்.

"ஏங்க, நான் கத்தாம இருந்தா ஆள் இல்லைன்னு அர்த்தம். அப்படித்தானே வாக்குக் கொடுத்தேன்? இப்போ ஆள் இருக்கான். நான் சும்மா இருந்தா, வாயைத் திறக்காமலே பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"ஒரே ஒரு தடவைதானே! அதுவும் அந்தப் பாவிகிட்ட!"

"காவல் இருக்கிற எல்லாரும் அப்படியே நினைச்சா என்ன ஆகும்? பிடிச்சவங்களுக்குக் கத்தலாம், பிடிக்காதவங்களுக்குக் கத்த வேண்டாம்னு ஆயிட்டா? நாளைக்கு முயல் தண்ணி குடிக்க வரும். நான் பேசாம இருப்பேன். 'ஆள் இல்லையா? இல்ல, இவளுக்கு நம்ம மேல ஏதாவது கோபமா?'ன்னு அது யோசிக்கும். அப்புறம் இந்தக் குளத்துல யாருங்க தலையைக் குனிஞ்சு தண்ணி குடிப்பாங்க? காவல்னு ஒண்ணு இருந்தும் இல்லாத மாதிரிதான்!"

"ஆமா! ஆமா!" என்று ஓணான் இதற்கும் தலையாட்டினான்.

"டேய், நீ யார் பக்கம்டா?" என்று சீறினான் நெட்டைக்காலன்.

"என்ன அண்ணே செய்றது, ரெண்டும் சரியாத்தான் படுது!"

புதரருகே ஆள் வலையை உயர்த்தினான். செம்மூக்கி ஒருமுறை தன் முட்டைகளைப் பார்த்தாள். பிறகு விண்ணென்று மேலே எழும்பினாள்.

"தித்தித்தூ! தித்தித்தூ! தித்தித்தூ!"

கீரி துள்ளி எழுந்தாள். ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, இன்னொன்றை முட்டித் தள்ளிக்கொண்டு வளைக்குள் பாய்ந்தாள். வலை வெறும் முள்ளின் மேல் விழுந்தது!

நாய் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு சரளைமேட்டை நோக்கி ஓடி வந்தது. செம்மூக்கியும் நெட்டைக்காலனும் மாறி மாறிப் பாய்ந்து அதன் மூக்கைக் கொத்தினார்கள். அது ஊளையிட்டுக்கொண்டு சரளையைத் தாண்டி ஓடியது. கிடைக்க வேண்டியது கிடைக்காத எரிச்சலில் வலைக்காரன் நாயைத் துரத்திக்கொண்டு சரளையின் குறுக்கே விறுவிறுவென்று நடந்தான். அவன் கண்ணுக்கு முட்டையும் கல்லும் ஒன்றாகத்தான் தெரிந்தன. செருப்புக்கு அடியில் ஒரு முட்டை நொறுங்கியது. அவன் அதைக்கூடக் கவனிக்காமல் போய்விட்டான்.

மூன்று முட்டைகள் மிஞ்சின.

"இப்போ திருப்தியா?" என்று கேட்டுவிட்டு நெட்டைக்காலன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

செம்மூக்கி உடைந்த ஓட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். செய்தது சரி என்று அறிவு சொன்னது. அதற்காக வலி குறைந்துவிடவில்லை.

"வலிக்குதுங்க. ரொம்ப வலிக்குது. ஆனா மறுபடி ஆள் வந்தா மறுபடியும் கத்துவேன்."

நெட்டைக்காலன் எழுந்து போய், தன் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து மிச்சமிருந்த முட்டைகளின் மேல் உட்கார்ந்தான்.

வெயில் தாழ்ந்ததும் கீரி வந்தாள். நெட்டைக்காலன் இறக்கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றான்.

"செம்மூக்கி, எனக்காக நீ ஏன் கத்தின?"

"உனக்காக நான் கத்தல. ஆள் வந்தான், கத்தினேன்."

"அப்போ என் மேல இருந்த கோபம் போயிடுச்சா?"

"எங்கே போச்சு? உன்னைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது!"

கீரிக்குத் தலை சுற்றியது. "கோபமும் இருக்கு, காப்பாத்தவும் செய்வியா?"

"கோபம் உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கிறது. காவல் இந்தக் குளத்துக்கே பொது. ரெண்டையும் போட்டுக் குழப்பினா நான் எதுக்குக் காவல்காரி?"

"சரி, பதிலுக்கு நான் என்ன செய்யணும்? சொல்லு, செய்றேன்."

"ஒண்ணும் வேண்டாம். பதிலுக்கு ஏதாவது கேட்டா அது வியாபாரம்."

இங்கேதான் கீரி மாட்டிக்கொண்டாள். ஏதாவது கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பாள். ஒன்றும் கேட்காததால் அவளே யோசிக்க வேண்டியதாயிற்று. அவளுக்கு அது பழக்கமில்லாத வேலை. நெட்டைக்காலனின் காலிடுக்கில் மூன்று முட்டைகள் தெரிந்தன. உடைந்த ஓடும் தெரிந்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. வளையில் குட்டிகளும் பசியோடு காத்திருந்தன.

"காவல் வேணும்னு எல்லாரும் கேட்கிறோம்..." என்று கீரி தனக்குத்தானே மெல்லப் பேசினாள். "காவல்காரி முட்டையையும் எல்லாரும் தின்னா, காவல் எங்கிருந்து வரும்?"

"யாரைக் கேட்கிற?" என்றாள் செம்மூக்கி.

"என்னைத்தான் கேட்டுக்கிட்டேன். போன வருஷமே கேட்டிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன், செம்மூக்கி."

கீரி திரும்பினாள். குறுக்கே போனால் வயல் கிட்டத்தில்தான். ஆனால் சரளைமேட்டில் கால் வைக்காமல், குளத்தைச் சுற்றிக்கொண்டு வயல் எலி தேடிப் போனாள். அதற்குப் பிறகு, யாரும் பார்க்காத நேரத்திலும் அவள் அந்தச் சுற்று வழியில்தான் போனாள். கட்டையில் இருந்த ஓணான் அதைப் பார்த்துத் தலையாட்டினான். இந்தத் தடவை அவன் ஆட்டியது சரியான இடத்தில்தான்.

சில நாளில் மூன்று முட்டைகளும் பொரிந்தன. குஞ்சுகள் நெட்டைக் கால்களில் தள்ளாடித் தள்ளாடி ஓடின.

மழைக்கு முந்திய ஒரு காலையில், செம்மூக்கி அக்கரையில் இருந்தபோது, மூத்த குஞ்சு தூரத்து மேட்டின் மேல் ஒரு மனிதத் தலையைப் பார்த்தது. அதற்குக் குரல் இன்னும் சரியாக வரவில்லை. "தித்... தித்தி...தூ!" என்று கீச்சிட்டது.

முயல் ஓடியது. கௌதாரி ஓடியது. குட்டிகளோடு குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கீரியும் ஒரே பாய்ச்சலில் வளைக்குள் போய்ச் சேர்ந்தாள். யாருக்காகக் கத்தியது என்று ஒருவரும் நின்று கேட்கவில்லை.

பிடித்தவரா பிடிக்காதவரா என்று முகம் பார்க்காமல், எல்லாரும் இப்படியே நடந்தால் என்ன ஆகும் என்று அறிவால் யோசித்துச் செய்வதே கடமை.