கோமளவல்லியின் கைகள்

சிதம்பரநாதனுக்கு அறுபத்து மூன்று வயது. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே இருப்பவர் மனதில் மறைத்து வைத்திருப்பது சில நேரம் அவருக்குப் படம் போலத் தெரியும். சிறு வயதிலிருந்தே அப்படித்தான்.

மனம் கலங்கியவர்களுக்கு அதை வைத்து உதவ வேண்டும் என்ற உறுதியோடு, மலையடிவாரத்தில் தவமணி அம்மா நடத்திய ஆசிரமத்தில் சீடராகச் சேர்ந்தார். அம்மா அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். அவருக்கும் அந்தப் பார்வை உண்டு என்று சுற்று வட்டாரத்தில் பேச்சு. அம்மா அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஒருநாள் கோமளவல்லியை அவள் கணவர் அழைத்து வந்து தங்க வைத்தார். நாள் முழுவதும் கை கழுவுவாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தாலும் விடமாட்டாள். ஆறு வயது மகளைத் தொட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. டவுனில் மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்தாள்.

சிதம்பரநாதன் அவளைப் பார்த்தார். மஞ்சள் துணியில் சுற்றிய பச்சைக் குழந்தை ஒன்று அவருக்குத் தெரிந்தது.

"அது உன் தங்கச்சி குழந்தையாம்மா?"

அவள் உடைந்து அழுதாள். வெளியே போய்விட்டு வந்தவள், கை கழுவாமல் அந்தக் குழந்தையைத் தூக்கியிருக்கிறாள். நாலாம் நாள் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. அவள் யாரிடமும் சொல்லாத விஷயம் அது.

உன் கையில் ஒன்றும் இல்லை, சுத்தமாகத்தான் இருக்கிறது என்று அவர் சொன்னார்.

மூன்று நாள் அவள் குழாய்ப் பக்கமே போகவில்லை. கணவர் வந்து சிதம்பரநாதன் காலில் விழுந்தார். இதற்காகத்தான் பிறந்தோம் என்று அவருக்குத் தோன்றியது.

அடுத்த நாள் காலையில் அவள் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"இன்னைக்கும் பார்த்துச் சொல்லுங்கய்யா."

பார்த்துச் சொன்னார். மாலையிலும் வந்தாள். ஒரு வாரத்தில் நாளைக்கு இருபது முறை என்றானது. அவர் குளிக்கும்போதும் கதவைத் தட்டினாள். பதில் கொஞ்சம் தாமதமானால் குழாயடிக்கு ஓடினாள். ஐயா இருக்கும்போது எதற்கு என்று மாத்திரையையும் நிறுத்தியிருந்தாள்.

அவர் அம்மாவிடம் போனார்.

"நான் பார்த்தது பொய்யாம்மா?"

"இல்லை."

"பிறகு ஏன் குணமாகலை?"

மறுநாள் காலை அம்மா கோமளவல்லியைப் பேருந்தில் டவுனுக்கு அழைத்துப் போனார். மருத்துவர் மாத்திரையை மறுபடி தொடங்கினார். வேறு என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டு அம்மா திரும்பினார்.

"இனி அவ எத்தனை தடவை கேட்டாலும் நீங்க பதில் சொல்லக் கூடாது. முடியுமா?"

முடியும் என்றார். கதவுக்கு வெளியே அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குப் பெரிய வேதனையாக இருந்தது. ஆனாலும் அவர் வாய் திறக்கவில்லை.

அம்மா தினமும் அவளோடு தோட்டத்தில் கத்தரி நாற்று நட்டார். மண் ஒட்டிய கையோடு இருவரும் வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு ஒரே ஒரு முறை கழுவிக்கொண்டு, அந்தக் கையாலேயே அம்மாவுக்குச் சோறு பிசைந்து தர வேண்டும்.

முதல் நாள் அவளால் முடியவில்லை. பாதியில் எழுந்து ஓடினாள். மறுநாளும் ஓடினாள். அம்மா கோபிக்கவில்லை, விடவும் இல்லை. பத்தொன்பதாம் நாள் அவள் பிசைந்து வைத்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதில்லம்மா?"

"தெரியாது."

அம்மா சாப்பிட்டு முடித்தார். கோமளவல்லி ஒரு மணி நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவும் எதிரிலேயே இருந்தார். அன்று அவள் குழாயடிக்குப் போகவில்லை.

தோட்ட வேலையும் சோறு பிசைவதும் ஆடியிலிருந்து கார்த்திகை வரை நடந்தது. கேள்வியும் மாறவில்லை, பதிலும் மாறவில்லை. சில நாள் பழையபடி ஓடினாள். மறுநாள் தானாகவே தோட்டத்துக்கு வந்தாள்.

கார்த்திகைக் கடைசியில் மகள் அப்பாவோடு வந்தாள். கோமளவல்லி தயிர்ச்சோறு பிசைந்தாள். ஒரு கணம் சிதம்பரநாதனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பேசாமல் நின்றார். அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. உருண்டையை மகள் வாயில் வைத்தாள். சிறுமி மென்று விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தாள்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய பிறகு சிதம்பரநாதன் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கும் அந்தப் பார்வை உண்டுதானேம்மா? அவ மனசைப் பார்த்து, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லியிருக்கலாமே."

"பார்த்தேன்."

"என்ன தெரிஞ்சது?"

"தெரியாமலே இருக்க அவளால முடியும்னு தெரிஞ்சது."