பந்தியைக் காணோம் என்ற சர்வர்

ஆற்றங்கரை மடம் ஒன்றில் ஐந்நூறு வருடப் பழைய சமையற்கட்டு ஒன்றும் எட்டு வருடப் பழைய கணினிச் சர்வர் ஒன்றும் இருந்தன. சமையற்கட்டு நல்ல நிலையில் இருந்தது.

சர்வருக்குப் பொறுப்பு வடிவம்மை. வயது இருபத்தாறு. மடத்தில் அத்தனை பேரும் அவரைக் குரு என்றே கூப்பிட்டார்கள். அவருடைய ஒரே சீடர் குற்றாலிங்கத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. நாலு வருடமாகப் பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவர். ஒருநாள் அவருடைய தோள்பட்டை போதும் என்றது. வாளியை அங்கேயே வைத்துவிட்டு நேராகக் குருவின் முன்னால் வந்து நின்றார்.

வாளி தூக்கிக்கொண்டிருந்த காலத்திலேயே குருவிடம் மாலை வேளைகளில் நிரல் எழுதக் கற்றிருந்தார். ஆகவே குரு யோசிக்கவில்லை.

"குருபூஜை வருது. யாரு எந்தப் பந்தியில உக்காருறதுன்னு போன்லயே பதியுற மாதிரி ஒரு பக்கம் எழுதுங்க அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை காலையில பத்து மணிக்குத் திறக்குறோம்."

"எழுதினா?"

"நின்னா, சர்வர் ரூம் சாவி உங்களுக்கு."

"விழுந்தா?"

"வாளி."

குற்றாலிங்கம் தோளைத் தடவிக்கொண்டே போய் எழுத உட்கார்ந்தார்.

அந்தச் சர்வருக்கு ஒரு சுபாவம் உண்டு. எழுதி வைத்த எல்லாக் கோப்பையும் அது முதலிலேயே படித்துவிடாது. அதன் மண்டைக்குள் அவ்வளவு இடம் கிடையாது. யாராவது ஒரு பெயரைக் கேட்டால், அந்தப் பெயர் போட்ட கோப்பு எங்கே என்று தேடிப் போகும். கிடைத்தால் படிக்கும். படித்ததை அடுத்த தூக்கம் வரை ஞாபகம் வைத்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அதற்குத் தூக்கம் வரும்.

திங்கட்கிழமை பக்கம் தயார். குற்றாலிங்கம் தன் கணினியில் முப்பது தடவை பார்த்தார். முப்பது தடவையும் வந்தது. பூரித்துப்போய் லிங்கைத் தளவாய்க்கு அனுப்பினார்.

தளவாய் தலைமைச் சமையல்காரர். குற்றாலிங்கம் போன நாளிலிருந்து வாளி அவர் கைக்கு வந்திருந்தது. ஆகையால், மூன்று மணி நேரம் கழித்து அடுப்பு வேலை ஒழிந்ததுமே மிகுந்த ஆர்வத்தோடு லிங்கைத் தொட்டார்.

சர்வர் தாலுகா ஆபீஸ் ஜன்னல் குரலில் பதில் சொன்னது: பந்தி என்ற பெயரில் இங்கே எதுவும் இல்லை.

தளவாய் ஓடி வந்தார். முப்பது வருடத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"வே குற்றாலிங்கம், பந்தியே இல்லையாம் வே. உம்ம சர்வரே வாயைத் தொறந்து சொல்லிட்டு. வாளியைத் தேய்ச்சு வைக்கச் சொல்லட்டா?"

"இருக்கு வே. நான்தான் எழுதினேன். இந்தக் கையால எழுதினேன். இந்தா பாரும், என்கிட்ட வருது."

வந்தது.

இரண்டு பேரும் குருவிடம் போனார்கள்.

"குருவே, என்கிட்ட வருது. இவருகிட்டதான் வரல்ல."

"அப்ப ஐயாயிரம் பேரையும் வரிசையா வந்து உங்க மடியில உக்காந்து பதியச் சொல்லுவோமா அண்ணாச்சி?"

குற்றாலிங்கம் திரும்பிப் போனார்.

செவ்வாய்க்கிழமை அவர் ஒரு காரியம் செய்தார். பிழை வந்தால் பிழைச்செய்தி தெரியாதபடி மறைத்தார். அதற்குப் பதிலாக ஒரு தாமரைப்பூப் படம். அதன் கீழே, 'அன்பரே, சற்றுப் பொறுங்கள்.'

தளவாய் லிங்கைத் தொட்டார். தாமரை மலர்ந்தது. அவர் பொறுத்தார். அடுப்பில் பருப்பு பொறுக்கவில்லை.

"முக்கால் மணி நேரம் குருவே. முக்கால் மணி நேரமா ஒரு பூவையே பாத்துக்கிட்டு நிக்கேன். இந்தாங்க, கரிஞ்ச பருப்பு. மோந்து பாருங்க."

குரு மோந்து பார்த்தார். பிறகு சீடரைப் பார்த்தார்.

"அழுத பிள்ளை வாயைப் பொத்துனீங்க. பசி போயிருச்சா அண்ணாச்சி?"

அன்று மாலையே குற்றாலிங்கம் தாமரையை எடுத்துவிட்டு வேறு வழிக்குப் போனார். ஒரு பெயரைக் கேட்டால் அந்த ஒன்றை மட்டும் தேடும் சுபாவம்தானே தொல்லை. எழுந்ததும் எல்லாக் கோப்பையும் படி என்று சர்வருக்கு உத்தரவு போட்டார். மடத்துக் கோப்புகள் கொஞ்சநஞ்சமல்ல. பசுமடக் கணக்கு, பூக்கட்டு முறை, யானைக்குக் குளியல் நேரம். யானை செத்து ஏழு வருடமாகிறது. கோப்பு இருந்தது.

சர்வர் எழுந்தது. எல்லாரையும் கூப்பிட்டது. யானை வரைக்கும் வந்தது. மயங்கி விழுந்தது.

"ஒருத்தரைக் காணோம்னு ஊரையே எழுப்பினீங்களாக்கும்," என்றார் குரு. அந்த உத்தரவைத் தானே அழித்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

புதன்கிழமை குற்றாலிங்கத்துக்கு ஞானம் பிறந்தது. குறைந்தபட்சம் அவர் அப்படித்தான் நினைத்தார்.

நடந்தது இதுதான். தளவாய் மறுபடியும் போனை நீட்டினார். மறுபடியும் 'பந்தி இல்லை'. குற்றாலிங்கம் போனைப் பிடுங்கினார். அவருக்கு ஒரு வழக்கம். மடத்தின் இணையதளத்தில் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் முதலில் முகப்புக்குப் போவார். அங்கே மேலே பிள்ளையார் இருப்பார். கீழே இந்த மாத நிகழ்ச்சிகள் இருக்கும். பிள்ளையாருக்கு ஒரு விரலால் குட்டிக்கொண்டுவிட்டுத்தான் அடுத்த பக்கம். அன்றும் அதே மாதிரி முகப்புக்குப் போனார், குட்டிக்கொண்டார், பந்திப் பக்கத்தைத் திறந்தார்.

வந்தது.

இரண்டு பேரும் போனையே பார்த்தார்கள்.

"நீர் தொட்டா வருது, நான் தொட்டா வரல்ல," என்றார் தளவாய். முதன்முறையாக அவர் குரலில் பயம் இருந்தது.

"நான் தொட்டதால இல்ல வே. பிள்ளையாரைத் தொட்டதால."

இரண்டு மணி நேரம் கழித்து, சர்வர் தூங்கி எழுந்த பிறகு, சோதித்தார்கள். நேராகப் போனால் பந்தி இல்லை. பிள்ளையார் வழியாகப் போனால் பந்தி உண்டு. தளவாய் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குற்றாலிங்கம் கண் கலங்கினார். சாயங்காலத்துக்குள் மடத்து வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் ஓர் அறிவிப்பு போயிருந்தது. கோயில் ஒலிபெருக்கி பேசுகிற தோரணையில் இருந்தது அது.

'மெய்யன்பர்கள் அனைவரின் கனிவான கவனத்திற்கு. பந்திக்குப் பதிவு செய்ய விழையும் அன்பர்கள் முதற்கண் முகப்புப் பக்கம் சென்று விநாயகப் பெருமானை வணங்கி, அதன் பின்னரே பந்திப் பக்கம் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வணங்காதவர்களுக்குப் பந்தி கிடைக்காது.'

வியாழக்கிழமை காலையில் குரு அதைப் படித்தார்.

"வணங்காட்டா பந்தி இல்லைன்னு பிள்ளையார் சொன்னாரா, நீங்க சொல்லுதீங்களா?"

"அனுபவத்துல கண்டது குருவே."

"சரி. தொண்டை வறண்டு கெடக்கு. மோர் கொண்டு வாங்க. பெருங்காயம் போட்டு."

குற்றாலிங்கம் சமையற்கட்டுக்குப் போனார். அடுப்பு இன்னும் பற்றவில்லை. தளவாய் மணைக்கட்டையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. குற்றாலிங்கம் பெருங்காயம் என்று எழுதிய டப்பாவைத் திறந்தார். காலி.

"வே, பெருங்காயம் இல்லையே."

"இருக்கு."

"டப்பா காலியால்லா கெடக்கு?"

"இருக்குங்கேன். நான்தான் வாங்கி வச்சேன். இந்தக் கையால வச்சேன்."

"எங்க வே வச்சீரு?"

தளவாய் எழுந்து போய்ப் புளி ஜாடியைத் திறந்தார். உள்ளே கையை விட்டுத் துணியில் முடிந்த ஒரு கட்டியை எடுத்தார்.

"புளி ஜாடியில யாரு வே பெருங்காயத்தை வைப்பா?"

"முதல்ல சாம்பார்தானே வைக்கேன் தினமும். புளி எடுக்கையில கூடவே இதுவும் கையில வந்துரும். கைக்கு அடக்கமா இருக்கு. முப்பது வருசமா ஒருநாளும் காணாமப் போனதில்ல."

குற்றாலிங்கத்துக்கு வந்ததே கோபம். நாலு வருடமாக வாளி தூக்கிய கோபமும் அதில் சேர்ந்துகொண்டது. மோரைக் கலக்கிக்கொண்டே குரு இருந்த இடம் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். தளவாயும் பின்னாலேயே வந்தார்.

"நீங்களே கேளுங்க குருவே. பேரு எழுதின டப்பா இருக்கு. அதுல வைக்கலாம்லா? இவருக்குக் கைக்கு அடக்கமாம். புளி ஜாடியில முடிஞ்சு வச்சிருக்காரு. புளியைத் தொறந்தா பெருங்காயம் கெடைக்கும், தொறக்காட்டா இல்ல. இவரு தினமும் புளியில ஆரம்பிக்கிற ஆளு, இவருக்கு ஒருநாளும் குறை தெரியாது. நேரா மோருக்கு வந்தவன் என்ன செய்வான்? பேரைப் பாத்துத் தேடுறவன் இல்லைன்னுதானே சொல்லுவான்?"

குரு மோரைக் குடித்தார். உதட்டைத் துடைத்தார்.

"நல்லா இருக்கு. இப்பச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணாச்சி. மெதுவா."

"பேரு எழுதின டப்பா இருக்கு. அதுல வைக்கலாம். இவருக்குக் கைக்கு அடக்கமாம். புளி ஜாடியில..."

குற்றாலிங்கம் நின்றார்.

"புளி ஜாடியில?" என்றார் குரு.

"குருவே, பந்தியை நான் எந்தக் கோப்புல எழுதினேன்?"

"நீங்கதான் சொல்லணும்."

"நிகழ்ச்சிங்கிற கோப்புல. அடியில. தனிக் கோப்பு எதுக்கு, கைக்கு அடக்கமா ஒரே எடத்துல இருக்கட்டுமேன்னு..."

"முகப்புல பிள்ளையாருக்குக் கீழ என்ன இருக்கு?"

"நிகழ்ச்சி. அதைத் தொறக்கையில பந்தியும் கூடவே வந்துருது."

தளவாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப பிள்ளையார்?"

"அவரு சும்மா உக்காந்திருந்தாரு வே," என்றார் குற்றாலிங்கம். ஓட்டமாகப் போனார்.

பந்தி என்று ஒரு கோப்பு திறந்தார். நிகழ்ச்சியின் அடியில் கிடந்ததை வெட்டி அதில் கொண்டுபோய் வைத்தார். இரண்டு நிமிட வேலை. அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். அதற்கு அரை நாள் ஆனது. அதற்குள் நாற்பது பேர் பிள்ளையாரை வணங்கியும் பதிவு திறக்கவில்லை, எங்கள் பக்தியில் என்ன குறை என்று கேட்டு எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைதான் திறக்கும் என்று நாற்பது பேருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டார்.

வெள்ளிக்கிழமை மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

"சர்வரை ஒரு தடவை தூங்க வச்சு எழுப்புங்க," என்றார் குரு. "எழுந்ததும் நேராப் பந்திக்குப் போங்க."

சர்வர் எழுந்தது. குற்றாலிங்கத்தின் விரல் முகப்பை நோக்கிப் போனது. குரு இருமினார். விரல் பாதி வழியில் நின்றது.

"பழகிப்போச்சு குருவே. அவரைப் பாக்காம எப்படி?"

"கண்ணை மூடிக்கிட்டுக் கும்பிடுங்க. சர்வர்ல வேண்டாம்."

கண்ணை மூடிக்கொண்டு குட்டிக்கொண்டார். கண்ணைத் திறக்காமலே பந்திப் பக்கத்தைத் தொட்டார். திறக்கப் பயமாக இருந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

வந்திருந்தது.

பத்து மணிக்கு முதல் ஆளாக லிங்கைத் தொட்டவர் தளவாய். விழும் என்ற நம்பிக்கை அவருக்கு இன்னும் இருந்தது. திரையில் எழுத்து வந்தது: முதல் பந்தி, முதல் இலை, தளவாய்.

"என்ன வே இது, நான் உக்காந்துட்டா பரிமாறுறது யாரு?"

"அதை அடுத்த வருசம் எழுதுதேன்," என்றார் குற்றாலிங்கம்.

பொழுது சாயும்போது நாலாயிரத்துச் சொச்சம் பேர் பதிந்திருந்தார்கள். சர்வர் நாலு தடவை தூங்கி நாலு தடவை எழுந்தது. எழுந்த ஒவ்வொரு தடவையும் யாரோ நேராக வந்து பந்தி எங்கே என்று கேட்டார்கள். இந்தா என்றது. தளவாய் சமையற்கட்டுக்குள் போய் வாளிக்கு வேறு ஆள் பார்க்க ஆரம்பித்தார்.

குரு இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்தார். குற்றாலிங்கம் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"ஒரு வருத்தம் குருவே. என்ன இருந்தாலும் நாலு நாளா இல்லை இல்லைன்னு ஊரு முன்னால என் மானத்தை வாங்கிட்டு இந்தச் சர்வர். நான் இருக்கு இருக்குன்னு தொண்டை கிழியக் கத்துனேன், ஒரு வார்த்தை நம்பல்ல. நாளைக்கு வேற ஒண்ணை இல்லைங்கும். இதை நம்பி நான் எப்படிக் காலந்தள்ளுறது?"

குரு மோர்ச் செம்பைக் கவிழ்த்து வைத்தார்.

"நாலு நாளும் எழுந்து போய்த் தேடிப் பாத்தது யாரு அண்ணாச்சி? நீங்களா, அதுவா?"