முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா

அந்த ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் மடத்துக்குள் நுழைந்தபோது செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று படியில் கிடந்தது, இன்னொன்று துளசிச் செடிக்குப் பக்கத்தில். பின்னால் வந்த மகள் இசைவாணி இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்தாள்.

தணிகாசலம் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். எங்கள் சாமியைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் சாமிக்குச் சீடர். புயலடித்துக் கம்பம் சாய்ந்தாலும் பதறாத மனுஷன். மகள் விஷயத்தில் மட்டும் அப்படி இல்லை.

"சாமி, சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சொல்லியாகணும். இல்லேன்னா ரெண்டு சீட்டும் போயிடும்."

"என்ன சீட்டு?"

"காலேஜ் சீட்டு சாமி. நாட்டுலயே பெரிய காலேஜ் ரெண்டு. ரெண்டுலயும் இவளுக்குக் கெடச்சிருக்கு."

"நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயம்தான். ஒண்ணு மட்டும் கெடச்சிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்."

சாமி சிரித்தார். தணிகாசலம் சிரிக்கவில்லை.

"ஒண்ணு மலைமேல இருக்கு சாமி. வகுப்புக்குப் பதினஞ்சு பேர்தான். மொத வருஷத்துப் பிள்ளைங்களுக்கே பெரிய பேராசிரியருங்க வந்து பாடம் எடுக்கறாங்க. ஆனா அந்த இடத்துல ஒரு சத்தம் இல்ல. எல்லாரும் குனிஞ்ச தல நிமிராம படிக்குதுங்க. கேன்டீன்லகூட புத்தகம்."

"இன்னொண்ணு?"

"கடற்கரையோரம். அங்க ஒரே கொண்டாட்டம். நாடகம், பாட்டு, விவாத மேடை, பசங்களே நடத்தற ரேடியோ. ஆனா வகுப்புல இருநூறு பேர். பேர் பெத்த வாத்தியார் எங்கயோ தூரத்துல மைக் பிடிச்சிட்டு நிக்கறார். சந்தேகம் கேட்டா, அவர்கிட்ட ஆராய்ச்சி பண்ற பையன் வந்து சொல்லித் தர்றான். ரெண்டு இடத்துக்கும் நானே லீவு போட்டுப் போய்ப் பார்த்துட்டு வந்தேன் சாமி."

"நீங்க பார்த்தீங்க."

"ஆமா. இவளுக்குப் பரீட்சை இருந்துச்சு."

இசைவாணி ஜன்னல் வழியாக அடுப்படிப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "என் அக்கா பையனை உங்களுக்குத் தெரியும். பெரிய காலேஜுன்னு மேளம் அடிக்காத குறையா அனுப்பினோம். ரெண்டாவது வருஷமே பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டான். ரூமுக்குள்ள போனவன் இன்னும் சரியா வெளிய வரல. அக்கா கதவுக்கு வெளிய தட்டை வெச்சிட்டுப் போவா. அதைப் பார்த்ததுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. மலைக்குப் போனா இவ ஒடுங்கிடுவாளோ, கடலுக்குப் போனா கூட்டத்துல காணாமப் போயிடுவாளோன்னு இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி. மலையா, கடலா?"

சாமி அவரை உற்றுப் பார்த்தார்.

"சாப்பிட்டீங்களா?"

"காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல."

"மொதல்ல சாப்பிடுங்க. அப்புறம் பேசலாம். எந்தப் பந்தின்னு நீங்களே பார்த்துக்குங்க."

எங்கள் மடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையடிவாரத்தில் சின்ன இடம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. முதல் பந்தி கூடத்தில் நடக்கும். பேசக் கூடாது, கேட்டு வாங்கக் கூடாது, பரிமாறுகிறவர்கள் இலையைப் பார்த்துப் போடுவார்கள். இலையில் உப்பு வைக்கிற வழக்கமும் இல்லை. வந்ததை வந்தபடி சாப்பிட வேண்டும் என்பது பழைய சாமி காலத்து ஏற்பாடு. இரண்டாம் பந்தி அடுப்படிக்குப் பின்னால், வேப்பமரத்தடியில். பரிமாறியவர்களும் பிந்தி வந்தவர்களும் உட்கார்வார்கள். ஒரே கூச்சல், கேலி. அப்பளம் மிஞ்சியிருந்தால் உண்டு. அதோடு பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடுவோம்.

சாமி சாதாரணமாகத்தான் சொன்னார். நான் பக்கத்திலேயே இருந்தேன். ஆனால் தணிகாசலம் பழைய சீடர். பழைய சீடர்களுக்கு இது ஒரு வியாதி. சாமி தும்மினாலும் அதற்குள் ஏதோ இருக்கிறது என்பார்கள்.

கூடத்து வாசலில் என்னை மடக்கினார். நான் இலைக்கட்டோடு நின்றேன்.

"தம்பி, இது வெறும் சாப்பாடு இல்ல. சாமி பரீட்சை வைக்கறார். மொதப் பந்தின்னா மலை, ரெண்டாவதுன்னா கடல். நான் எதுல உக்காரறேனோ அதை வெச்சு முடிவு சொல்லப் போறார்."

"பசிக்குதுன்னு உக்காருங்க சார்."

"அவசரப்படக் கூடாது. மொதப் பந்தியில பரிமாறுறது யாரு? பெரியவங்களா, புதுசா வந்தவங்களா?"

"ரெண்டு பேரும்தான்."

"ஒருத்தர் எத்தனை இலையைக் கவனிப்பார்?"

"சார், கை வலிக்குது. இலை போடணும்."

"அப்பா, பசிக்குது," என்றாள் இசைவாணி.

"நீ சும்மா இரு. இது உன் வாழ்க்கை."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்க் கடைசி இலையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கவனிக்கவில்லை. திட்டவட்டமாக எதுவும் தெரியாமல் உட்காருவதில்லை என்ற முடிவோடு அடுப்படிப் பக்கம் போய்விட்டார்.

பிறகு நான் பார்க்கும்போதெல்லாம் யாரையாவது விசாரித்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் போய் எறும்பு உண்டா என்று குனிந்து பார்த்தார். திரும்பி வந்து கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். இசைவாணி கையில் ஒரு கிண்ணத்தோடு வரிசை நடுவே நடந்துகொண்டிருந்தாள்.

"ஏய், அங்க என்ன விளையாட்டு? மணி என்ன ஆகுது!" என்று அதட்டினார்.

பந்தியில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்க, நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே போனார்.

முதல் பந்தி முடிந்து கை கழுவ வந்தவர்களை ஒவ்வொருவராக நிறுத்தினார். எப்படி இருந்தது, பேசாமல் இருந்தது மூச்சு முட்டியதா, மறுபடி வந்தால் இதிலேயே உட்காருவீர்களா. ஒரு பெரியவர், "என்னப்பா, கலியாணத்துக்குப் பொண்ணு பார்க்கறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டாம் பந்திக்கு நானே கூப்பிட்டேன். "இதோ வந்துட்டேன், இவர்கிட்ட மட்டும் ஒண்ணு கேட்டுக்கறேன்," என்றார். நாங்கள் சாப்பிட்டு எழுந்தோம்.

அவர் வந்து நின்றபோது அண்டா கவிழ்ந்திருந்தது.

"முடிஞ்சுபோச்சா?"

"முடிஞ்சுபோச்சு சார்."

அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மடியில் வைத்திருந்த ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தேன். அவர் அதை உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சாமியிடம் போனார். நானும் மகளும் பின்னால் போனோம்.

"எந்தப் பந்தி?" என்று கேட்டார் சாமி.

"ரெண்டும் போச்சு சாமி."

"அவ்வளவு பேர்கிட்ட ருசி கேட்டீங்களே, அதுலயே வயிறு நெறஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "கேலி பண்ணாதீங்க சாமி. மணி நாலு தாண்டிடுச்சு. நான் பந்தியை விட்ட மாதிரி இவ சீட்டையும் விட்டுட்டேன்னா, அக்கா வீட்டுல நடந்தது என் வீட்டுலயும் நடக்கும். பயமா இருக்கு சாமி. நெஜமாவே பயமா இருக்கு."

சாமி இசைவாணி பக்கம் திரும்பினார். "உனக்கு எது?"

"மலை," என்றாள் அவள், யோசிக்கவே இல்லை.

தணிகாசலம் திடுக்கிட்டார். "அங்க ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டாங்கடி! நான் பார்த்தேன்."

"பதினஞ்சு பேர்தானேப்பா. பேச வெச்சிடலாம்."

"விளையாட்டுப் பேச்சு பேசாத. சாமி, இவளுக்கு ஒண்ணும் தெரியாது. போற இடத்துல ஒரு குறை இருந்து, தப்பாப் போயிடுச்சுன்னா? அப்ப யார் இருப்பா இவளுக்கு?"

சாமி மறுபடி அவர் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு சாம்பார்ல உப்பு இல்ல. தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும் சாமி? நான்தான் சாப்பிடவே இல்லையே."

"கூடம் நெறைய பேர் சாப்பிட்டோம். பேசக் கூடாதுன்னு ஒருத்தரும் வாயத் திறக்கல. இவ மொதக் கவளத்துலயே எந்திரிச்சா. கையைக் கழுவிட்டு அடுப்படிக்குப் போனா. ஒரு கிண்ணத்துல உப்பு எடுத்துட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாம எல்லா இலையிலயும் வெச்சா. அப்புறம்தான் போய்த் தன் இலையில உக்காந்தா."

தணிகாசலம் மகளைப் பார்த்தார்.

"என் இலையிலயும் வெச்சா," என்றார் சாமி.

தணிகாசலம் வாழைப்பழத்தைத் தரையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மகளிடம் நீட்டினார்.