ஆள்காட்டிக் குருவி மரத்தை விட்ட கதை

கல்லுக்கும் குருவிக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், ஆள்காட்டிக் குருவி மரத்தில்தான் கூடு கட்டியது. வறண்ட ஓடை ஒன்றின் செங்குத்தான கரைமேல் நின்ற வெள்வேல மரம் அதன் வீடு.

அந்தக் கரை முழுக்க ஆட்டுக்கடாவின் கொம்புபோலச் சுருண்ட கல்நத்தைகள் பதிந்திருந்தன. முன்னொரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. கடல் பின்வாங்கியபோது அதனோடு போக முடியாமல் சேற்றில் தங்கிவிட்டவை அவை. சேறு இறுகிக் கல்லானது, நத்தைகளும் கல்லாயின.

ஒரு கோடையில் சுண்ணாம்பு சுடும் மூக்கனும் அவன் மனைவி வேம்பாயியும் அங்கே வந்தார்கள். நத்தைக் கல்லைச் சுட்டால் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு கிடைப்பதை மூக்கன் கண்டுகொண்டான். கரையின் அடியைக் கடப்பாரையால் குடையத் தொடங்கினான். போகப் போக அது குகையாகிவிட்டது.

கல்நத்தைகளில் பெரியது குருவியைக் கூப்பிட்டது.

"நாங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால்தான் கரை நிற்கிறது. பாதிப்பேரைப் பிடுங்கிவிட்டான். இனித் தாங்காது. உன் மரமும் விழும்."

குருவி பறந்துபோய்க் குகை வாசலில் நின்றது. "அண்ணே, வெளியே வா. கரை இறங்கப்போவுது."

"கூட்டைக் காப்பாத்த என்னைப் பயமுறுத்துறியா?" மூக்கன் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினான்.

வேம்பாயி நிமிர்ந்து பார்த்தாள். கூரையிலிருந்து மண் சரசரவென்று உதிர்ந்தது. "குருவி சொல்றதைக் கேளுய்யா. எனக்கும் பயமா இருக்கு."

"இந்தச் சூளைக்கு மட்டும் எடுத்துக்கிறேன். நீ வேணா வெளியே நில்லு."

அவள் வெளியே போகவில்லை. அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டே நின்றாள்.

மேலே வெள்வேல மரத்தின் அடியில் தரை பிளந்தது. குருவி பதறிப்போய் ஒரு முட்டையைக் காலில் இடுக்கிக்கொண்டு இறங்கி, ஓடைக்கு நடுவே கூழாங்கற்களுக்கிடையில் வைத்தது. அடுத்ததற்காகத் திரும்பியபோது குகைக்குள்ளிருந்து வேம்பாயியின் குரல் கேட்டது. மரம் ஒரு பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. கூட்டுக்குப் போனால் குகைக்குப் போக நேரமில்லை.

குருவி குகை வாசலில் பொத்தென்று விழுந்தது. ஒரு சிறகு ஒடிந்ததுபோல விரித்து, தரையில் தேய்த்துக்கொண்டு நொண்டியது.

"கறிக்கு ஆச்சு!" மூக்கன் கடப்பாரையைப் போட்டுவிட்டுப் பாய்ந்தான்.

"ஐயோ, பாவம்யா, விடு!" வேம்பாயி அவனைத் தடுக்கப் பின்னால் ஓடினாள்.

கைக்கு எட்டுவதுபோல் எட்டாமல் குருவி ஓடை நெடுக ஓடியது. அவர்களுக்குப் பின்னால் கரை மொத்தமாக இறங்கியது. தரை அதிர்ந்தது. புழுதியில் எதுவும் தெரியவில்லை.

புழுதி அடங்கியபோது குகை இல்லை. மரம் வேர் மேலாகக் கிடந்தது. குருவி எழுந்து பறந்து, அதன்மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. அப்போதுதான் மூக்கனுக்குப் புரிந்தது. மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என்னை விட்டுட்டு முட்டைகளை எடுத்திருக்கலாமே?"

"அக்கா உள்ளே இருந்தாளே," என்றது குருவி.

வேம்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூக்கன் சரிந்த கரையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னான். "இனி இந்தக் கரையிலே கடப்பாரை படாது. கல்நத்தைகளைப் பார்க்க வர்றவங்க ஒரு கல்லையும் எடுத்துடாம, நானே முன்னாலே நடந்து கூட்டிட்டுப் போறேன்."

கூழாங்கற்களுக்கிடையில் தப்பிய ஒற்றை முட்டை பொரிந்தது. அதுவரை மூக்கனும் வேம்பாயியும் முறை வைத்துக் காவல் இருந்தார்கள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான்: ஆள்காட்டி மரத்தில் அமர்வதில்லை, கல்லோடு கல்லாகத் தரையிலேயே முட்டையிடுகிறது, ஆள் தலை தெரிந்தால் கத்துகிறது. இன்று கல்நத்தைகளைப் பாதுகாக்கும் பூங்காக்களிலும் இடம் தெரிந்த ஒருவர் முன்னே நடக்க, வந்தவர்கள் பின்னே போகிறார்கள். கையிலெடுத்துப் பார்த்த கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள்.